காலுக்குக் கொள்ளிடம் போதும், மூச்சுக்கு லடாக்கில் நாள் வேண்டும்

ஆகஸ்ட் மாதம் லடாக்கில் காங் யாட்சே இரண்டாம் சிகரம் ஏறப் போகிறேன். உயரம் 6,250 மீட்டர். வழிகாட்டிகள், சமையல்காரர், சுமை தூக்கக் குதிரைகள் எல்லாம் உள்ள குழுப் பயணம். என் நாத்தனார் மகளும் கூட வருகிறாள். நர்ஸ் வேலை பார்ப்பவள்.

நான் வேலை பார்ப்பது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கூட்டுறவு சொசைட்டியில். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வாய்க்கால், வாழைத்தோப்பு. ஆற்றங்கரைதான் எங்களுக்கு மேடு. தஞ்சாவூர் டவுனே கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. "இந்த ஊரில் இருந்துகொண்டு இமயமலைக்கு எப்படித் தயாராகிறீர்கள்?" என்று பயிர்க்கடன் வாங்க வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கால் பலத்தையும் நெஞ்சுப் பலத்தையும் டெல்டாவிலேயே நன்றாக வளர்த்துக்கொள்ளலாம். அதற்காக மலையடிவாரத்தில் குடியிருக்க வேண்டியதில்லை. உயரத்துக்கு உடம்பைப் பழக்குவதை மட்டும் இங்கே யாராலும் செய்ய முடியாது. அது அங்கே போய், தங்கி, மெதுவாகத்தான் வரும். ஆகவே நம்மைப் போன்ற சமவெளிக்காரர்கள் பணத்தைச் செலவழிக்க வேண்டியது பளபளப்பான சாமானுக்கு அல்ல, பயணத் திட்டத்தில் இருக்கும் கூடுதல் நாட்களுக்கு. இதை நான் உறுதியாகவே நம்புகிறேன்.

முதலில் கால். கோடையில் காவிரி வறண்டு கிடக்கும்போது ஆற்று மணலில் நடப்பதுதான் என் முக்கியமான பயிற்சி. கணுக்கால் வரை புதையும் பருமணல். ஓர் அடி முன்னே வைத்தால் அரை அடி பின்னுக்கு இழுக்கும். வெயில் ஏறி இளகின பனிச்சரிவும் காலை இப்படியேதான் வாங்கும். மணாலிப் பக்கம் பிரெண்ட்ஷிப் பீக் (5,289 மீட்டர்) போனபோது அதை நேரிலேயே பார்த்தேன். கெண்டைக்காலும் தொடையின் பின்பக்கமும் அன்று சளைக்காமல் நின்றதற்கு இந்த மணல்தான் காரணம்.

மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அப்புறம் காவிரியில் நடக்க முடியாது. நடக்க முடியாததில் எங்களுக்குச் சந்தோஷம்தான், குறுவை நட வேண்டுமே. நான் கொள்ளிடத்துக்கு மாறிக்கொள்வேன். உபரித் தண்ணீர் விட்டால்தான் கொள்ளிடம் நிறையும், மற்றபடி பெரும்பகுதி மணல்தான். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும், மேலே தண்ணீர் தேங்கியிருந்தால் ஆழம் தெரியாது. தெரியாத இடத்தில் விடியும் முன் இறங்காதீர்கள். உள்ளூர் ஆள் ஒருவரோடு போவது நல்லது.

சுமைக்கு வீட்டு அரிசிதான். ஐந்து கிலோ பையில் தொடங்கி, பத்து, பன்னிரண்டு என்று ஏற்றிக்கொண்டே போனேன். முதல் நாள் மாமியார் வாசலில் நின்று, "ஏம்மா, சோறு வடிக்கிற அரிசிய முதுகுல கட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். 2023இல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறியதை அவர் டிவியில் பார்த்திருக்கிறார். இப்போது யாராவது வந்து என்னைப் பற்றி இழுத்துப் பேசினால், "அந்த விருதுநகர்ப் பொண்ணு ஏறலையா? எங்க வீட்டுப் பொண்ணும் ஏறும்" என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வேகம் முக்கியமில்லை. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகம்தான் சரி. அதே வேகத்தில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று நீட்டிக்கொண்டே போக வேண்டும். சிகரத்துக்குப் போகும் நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட நடக்க வேண்டிவரும். ஓட்டப்பந்தயப் பயிற்சி அதற்குப் பெரிதாக உதவாது.

படி ஏறுவதற்கு மாதம் ஒரு தடவையாவது குளித்தலை பக்கத்து அய்யர்மலைக்குப் போய்விடுகிறேன். ரத்தினகிரீசுவரர் கோயில், 1,017 படி. 'காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்' என்ற வழக்கில் வரும் மத்தியானச் சொக்கர் இவர்தான். மத்தியானத்தில் கருங்கல் படி கால் வைக்க முடியாமல் கொதிக்கும், ஆகவே நான் விடிந்ததும் ஏறிவிடுவேன். சுவாமி அபிஷேகத்துக்குக் காவிரித் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஏறுகிற மலை அது. நானும் கேன்களில் தண்ணீரைச் சுமந்து ஏறுவேன். மேலே போனதும் செடிகளுக்கு ஊற்றிவிட்டால் இறங்கும்போது முழங்கால் தப்பிக்கும். சில நாள் மட்டும் வேண்டுமென்றே சுமையோடு இறங்குவேன். மலையில் பல விபத்துகள் நடப்பது இறங்கும்போதுதான். களைத்த தொடை உடம்பைத் தாங்காது, கால் இடறும். இறங்குவதற்குத் தனியாகப் பழக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அங்கே படியேறும்போது ஒரு நடையையும் பழகிக்கொள்கிறேன். மேல் படியில் ஒரு காலை வைத்ததும், கீழ்ப்படியில் இருக்கும் காலை முழங்கால் மடங்காமல் நேராக்கி, மொத்த எடையையும் அதன்மேல் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அதற்கப்புறம் அடுத்த அடி. எடையைத் தசை தாங்காமல் எலும்பு தாங்கும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு நொடி ஓய்வு கிடைக்கும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் போலத் தோன்றும். அதிக உயரத்தில் வழிகாட்டிகள் முதலில் கற்றுத்தருவது இந்த நடையைத்தான்.

மேடே இல்லாத இந்த நிலம் மலையை அளந்தவர்களுக்கும் தொல்லை கொடுத்திருக்கிறது. நாட்டை அளப்பதற்காக 1802இல் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய பெரிய முக்கோண அளவைப் பணியோடு வில்லியம் லாம்டன் இங்கே வந்தபோது, குன்று இல்லாததால் கோயில் கோபுரங்களின் மேல் ஏறித்தான் அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும், சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கட்டடத்தில் மோதிச் சேதமானது. அந்தப் பணியின் தொடர்ச்சியில்தான் 1852இல் ராதாநாத் சிக்தர் கணக்குப் போட்டு, எவரெஸ்ட்தான் உயரமான சிகரம் என்று கண்டார். பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் விமானத்தை அண்ணாந்து பார்த்து இதை நினைத்துக்கொள்வேன். இமயமலைக்கும் நமக்கும் ஒட்டு உறவே இல்லை என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

சரி, மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறையாது, எங்கேயும் ஏறக்குறைய 21தான். குறைவது காற்றழுத்தம். லே நகரம் 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கேயே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,500 மீட்டரில் பாதி. காங் யாட்சே உச்சியில் பாதிக்கும் கீழே. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லேயில் இறக்கிவிடுவார்கள். உடம்புக்கு ஒன்றும் புரியாது.

பழகுவது எப்படி என்றால், முதலில் மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் ஆகும். அதனால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும். அதைச் சிறுநீரகம் பைகார்பனேட்டாக வெளியேற்றிச் சரிக்கட்டும். இதற்கே சில நாட்கள் பிடிக்கும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதில் எதையும் கொள்ளிடக் கரையில் நடந்து வாங்க முடியாது. மூச்சை இறுக்கும் முகமூடி ஒன்றைப் பயிற்சிக்கென்று விற்கிறார்கள். அது மூச்சுத் தசையை வருத்துமே தவிர உயரத்துக்குப் பழக்காது. அந்தக் காசுக்கு நல்ல கம்பளிக் காலுறை வாங்கிவிடலாம். மராத்தான் ஓடுகிறவருக்கும் உயர நோய் வரும். உடல் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதனால்தான் பயண நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் விலையைக் கடைசியாகப் பார்த்தேன். 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, இன்று தூங்கும் உயரம் நேற்றுத் தூங்கியதைவிட 500 மீட்டருக்குமேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திட்டத்தையும் பென்சிலால் கணக்குப் பார்த்தேன். காங் யாட்சேக்கு மார்க்கா பள்ளத்தாக்கு வழியாகப் போகும்போது ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் என்று ஊர் ஊராக மெல்ல உயரும், அதுவரை கவலையில்லை. ஹங்கர் சுமார் 4,000 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் நிமாலிங் போனால் 700, 800 மீட்டர் கூடிவிடும். நடுவில் தாச்சுங்சேயில் ஓர் இரவு தங்கும் திட்டம்தான் எனக்குச் சரியாகப் பட்டது. நிமாலிங்கில் ஒரு நாள் ஓய்வு, அப்புறம் சுமார் 5,100 மீட்டரில் அடிவார முகாம், அங்கே கயிறு, கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் சட்டம்) பயிற்சிக்கு ஒரு நாள், வானிலை கெட்டால் காத்திருக்க ஒரு நாள். இதெல்லாம் சேர்ந்து லீவு நீளத்தான் செய்யும்.

ஒரு நிறுவனத்தில் பேசியவர், "உங்களைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்காகவே சுருக்கமான திட்டம் வைத்திருக்கிறோம்" என்றார். லேயில் ஒரே இரவு, காத்திருக்கும் நாள் கிடையாது. "தலை வலித்தால் டயமாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மாத்திரை பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், நாளுக்குப் பதிலாக நிற்காது. லீவு குறைவாக இருக்கிறதா, உயரம் குறைந்த மலைக்குப் போகலாம். கேதார்கந்தா இருக்கிறது, 3,800 மீட்டர், அருமையான இடம். லீவைச் சுருக்கிக்கொண்டு ஆறாயிரம் மீட்டருக்குப் போகக் கூடாது.

நான் எல்லாரிடமும் கேட்ட மற்ற கேள்விகளையும் சொல்கிறேன். வழிகாட்டி எங்கே படித்தவர்? உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம், டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலயன் மலையேற்ற நிலையம் போன்ற இடங்களில் முறையாகப் பயின்றவரா? சிகர நாளில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முகாமில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குமா? செல்போன் எடுக்காத பள்ளத்தாக்கிலிருந்து செய்தி எப்படிப் போகும்? டெல்லியில் இருக்கும் இந்தியன் மவுன்டனீரிங் ஃபவுண்டேஷன் அனுமதியை யார் வாங்குவது? எந்த நேரத்துக்குமேல் ஏற விடாமல் திருப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு மணியைச் சொல்லி நேராகப் பதில் தந்த நிறுவனத்தில்தான் முன்பணம் கட்டினேன்.

இந்தப் பேச்சுக்கு நடுவில் ஸ்டோக் காங்ரி பற்றியும் விசாரித்தேன். 6,153 மீட்டர், லேயிலிருந்தே தெரியும், ஒரு காலத்தில் எல்லாரும் முதலில் போன சிகரம். 2020 முதல் அதை ஏறவிடாமல் மூடிவிட்டார்கள். அந்தப் பனியாற்றுத் தண்ணீரை நம்பித்தான் கீழே ஸ்டோக் கிராமத்தில் குடிநீரும் பாசனமும். கூட்டம் கூடிக் குப்பையும் கழிவும் சேர்ந்ததால் மலைக்கு ஓய்வு கொடுத்தார்கள். மேலே இருந்து வரும் தண்ணீர் கெட்டால் கடைமடைக்காரருக்கு என்ன ஆகும் என்று நமக்கு விளக்கவே வேண்டாம். அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

மருந்துப் பக்கம். முதலில் ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.8. ஆக்சிஜனைச் சுமப்பதே அதுதான் என்னும்போது, அந்த அளவோடு போக டாக்டர் சம்மதிக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். காபியோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஒட்டாது என்றார். எங்கள் வீட்டில் காலைக் காபியைத் தள்ளிப்போடுவது லேசான காரியமில்லை, ஆனாலும் தள்ளிப்போட்டேன். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. இப்போது 12ஐத் தாண்டிவிட்டது. பெண்கள் யார் கிளம்பினாலும் முதலில் இந்த ஒரு பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். டயமாக்ஸ் வேண்டுமா என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். டயமாக்ஸ் போட்டால் விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

எது வந்தால் பயப்பட வேண்டும் என்பதை நாத்தனார் மகள் எனக்கு மனப்பாடமே செய்ய வைத்துவிட்டாள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், மூளை வீங்கியிருக்கலாம். குதிகாலும் கட்டை விரலும் தொடும்படி ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். வரப்பில் நடந்து வளர்ந்த நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. அங்கே தள்ளாடினால் உடனே கீழே இறக்க வேண்டும், ராத்திரியா பகலா என்று பார்க்கக் கூடாது. "அத்தை, உங்களுக்கு ஒண்ணுன்னா நான் உங்களைக் கேக்கவே மாட்டேன், இழுத்துக்கிட்டு இறங்கிடுவேன்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். எனக்கும் அதே உரிமை அவள்மேல் உண்டு.

குளிருக்கு நான் போன இடம் நாகப்பட்டினம். சின்னம்மா மகன் அங்கே மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறான். "மீன்பிடித் தடைக்காலத்துல பிளான்ட் ஓடாதுக்கா, ஏப்ரல் 15க்கு முன்னாடியே வந்துடுங்க" என்றான். போனேன். ஐஸ் கட்டி அடுக்கிய அறையில் உட்கார்ந்து, தடித்த கையுறைகளோடு காரபினரை, அதாவது கயிற்றில் மாட்டும் உலோகக் கொக்கியை, திறந்து கயிற்றில் மாட்டி, திருகைப் பூட்டிப் பழகினேன். வீட்டு முற்றத்தில் வெறுங்கையால் கண் மூடிச் செய்த வேலை, அங்கே கைக்கு வரவில்லை. கட்டை விரலுக்குத் திருகு அகப்படாது. கையுறையின் நுனி காரபினர் வாயில் சிக்கும். அதைக் கழற்றி வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் சுரீர் என்கிறது. திருகை விரல் நுனியால் பிடிக்காமல், உள்ளங்கையில் வைத்து உருட்டினால் சுலபமாகப் பூட்டுகிறது என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. கயிற்றைப் பற்றிக்கொண்டு மேலே ஏற உதவும் ஜுமாரின் பூட்டையும் அதே மாதிரி கட்டை விரலின் அடிப்பக்கத்தால் தள்ளப் பழகினேன். கையுறை காற்றில் பறந்துவிடாமல் இருக்க, மணிக்கட்டில் கயிறு கோத்துத் தைத்துக்கொண்டேன். சிகர இரவில் மைனஸ் 10, 15 டிகிரி வரை போகும். அங்கே ஒரு கையுறை போனால் விரலே போகலாம்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. இரட்டை அடுக்கு பூட்ஸ், கிராம்பான், ஐஸ் ஆக்ஸ் மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். பூட்ஸைத் தடித்த காலுறையோடு சாயங்காலம் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். கிராம்பான் அந்த பூட்ஸுக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். உள்ளாடை, காலுறை, கையுறை, பனியில் கண் கெடாமல் காக்கும் கருப்புக் கண்ணாடி, நெற்றி விளக்கு இவை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது, கயிறு கட்டி ஏறும் மலையேற்றத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் செல்லுமா என்று வரி வரியாகப் படியுங்கள். பல பாலிசிகளில் அதைத்தான் விலக்கி வைத்திருப்பார்கள்.

மேலே போகப் போகப் பசி செத்துவிடும். பிடிக்காத சாப்பாடு தொண்டையில் இறங்காது. ஆகவே பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கடலைமிட்டாய் எடுத்துக்கொள்கிறேன். மாமியார் உப்பிலிட்டுக் காயவைத்த நார்த்தங்காய் ஒரு டப்பா நிறைய. குமட்டும்போது ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் தண்ணீராவது உள்ளே போகும். நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும். இரவில் பாட்டிலைக் கவிழ்த்து வைக்க வேண்டும், மேலேயிருந்துதான் உறையத் தொடங்கும். கவிழ்த்து வைத்தால் மூடிப் பக்கம் உறையாது.

குறுவைக் கடன் விண்ணப்பங்களை முடித்துக் கொடுத்ததும் லீவு தருவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார். அதுவரை ஞாயிறு தோறும் விடியற்காலை ஐந்தரைக்குக் கொள்ளிடக் கரையிலிருந்து நடை தொடங்குகிறோம். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண்கள் யாராவது அடுத்த வருடம் மலைக்குப் போக நினைத்தால் இப்போதே எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். பையும் அரிசியும் கொண்டுவந்தால் போதும். முதல் மாதம் ஐந்து கிலோவுக்குமேல் யாரையும் சுமக்க விடமாட்டேன்.